விளக்கு வைத்தபின் கொடுத்த உறைமோர்

சாணி அள்ளும் கையால்தான் பெருந்தேவியார் பெருமாளுக்குத் தயிர் தோய்த்தார். நன்றாகக் கழுவிக்கொண்டுதான், பயப்பட வேண்டாம். வெள்ளாற்றங்கரையில் திருப்பூவலூர் என்னும் எங்கள் ஊரில், ஆயர் தெருவின் கடைசிக் குடிசை அவருடையது. கணவரை இழந்தவர், பிள்ளையும் இல்லை. சொத்தென்று சொல்ல இரண்டு பசுக்கள் இருந்தன. விடிந்ததும் தொழுவத்தைக் கூட்டி, முந்தின மாலை தோய்த்த தயிர்ப்பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவார். அந்தத் தயிரில் பிசைந்த சோறுதான் பெருமாளுக்குக் காலைத் தளிகை. அந்த வீட்டுக்கென்று வழிவழியாக வந்த கைங்கரியம் அது. ஒரு நாள் தவறினாலும் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

எங்கள் ஊரில் விளக்கு வைத்தபின் உறைமோர் கொடுக்க மாட்டார்கள், அதுவும் வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே கூடாது. மகாலட்சுமி மோரோடு கிளம்பிப் போய்விடுவாளாம்! பெருந்தேவியார் மட்டும் எந்த நேரத்தில் யார் கிண்ணத்தோடு வந்தாலும் ஊற்றுவார். "போறதா இருந்தா அந்த ஊட்டுலயும் செத்த ஒக்காந்துட்டு வரட்டுமே, பாவம்" என்று சிரிப்பார்.

எதிர்வீட்டில் வரதாயி என்றொருத்தி குடிவந்து தயிர் விற்கத் தொடங்கினாள். அவளுக்குப் பால் காய்ச்சும் பதம் முதல் பானைக்குப் புகை காட்டுவது வரை எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவர் இவரேதான். வாடிக்கையில் பாதி எதிர்வீட்டுக்குப் போனது. தெருவே சிரித்தது. அடுத்த வீட்டில் இருந்த மூத்த நாத்தனார் கோமதி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒன் பொழப்புல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டியேடி!"

"ஊருக்கே பசிக்குது அண்ணி. நான் ஒருத்தி தோய்ச்சுத் தீந்துருமா?" என்றார் பெருந்தேவியார்.

மழை பொய்த்த ஆண்டில் ஒரு பசு செத்துப்போனது. மற்றொன்று கறந்த பால் கோயிலுக்கு மட்டுமே போதும். அந்நாளில் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த சற்று நேரத்தில் வரதாயி ஓடிவந்தாள். அவளுடைய உறைச்சட்டி கவிழ்ந்துவிட்டது. மறுநாள் கல்யாண வீட்டுக்குத் தயிர் கொடுத்தாக வேண்டும்.

பால் அடுப்பில் இருந்ததால், "சட்டி உறியில இருக்கு, எடுத்துக்க தாயி" என்றார் பெருந்தேவியார்.

சட்டியில் கிடந்ததே ஒரு கரண்டி. பாதி எடுத்தால் போதும்தான். ஆனால் போதாமல் போய்விடுமோ என்ற பயம் வரதாயியைப் பிடித்துக்கொண்டது. விரலால் சட்டியைச் சுத்தமாக வழித்துக்கொண்டு போய்விட்டாள்.

பால் ஆறியபின் சட்டியை எடுத்த பெருந்தேவியார் திகைத்து நின்றார். நாத்தனாரிடம் கிண்ணத்தை நீட்டினார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்கிட்டயா கேக்குற? அவகிட்டயே போயித் திருப்பிக் கேளு. இல்லன்னா புளியக் கிள்ளிப் போடு" என்றாள் கோமதி.

"குடுத்ததத் திருப்பிக் கேக்குறதா? புளியப் போட்டுப் பெருமாளுக்கு வெக்கிறதா? நல்லா இருக்கு அண்ணி!"

கண் கலங்கத்தான் செய்தது. தலைமுறைகளாக வந்த கைங்கரியம் தன் கையில் அறுந்துபோகிறதே என்று நெஞ்சு பதைத்தது. ஆனாலும் அவர் வரதாயியை ஒரு சொல் ஏசவில்லை. வெதுவெதுப்பான பாலை மூடி வைத்து, "பெருமாளே, பால் நீ குடுத்தது. ஒறையும் ஒன்னோடதுதான். நாளைக்கிப் பாலாவே கொண்டாறேன், வாங்கிக்க" என்று சொல்லிவிட்டுப் படுத்தார்.

விடிந்ததும் பானையைத் திறந்துகூடப் பார்க்காமல் தலையில் ஏற்றினார். வேடிக்கை பார்க்க நாத்தனாரும் பின்னாலேயே வந்தாள். சந்நிதியில் பட்டர் கதவைத் திறந்து உள்ளே போனவர், போன வேகத்தில் வெளியே வந்தார்.

"இப்பத்தானே கதவத் திறக்கறேன்! தயிரே இன்னும் உள்ள வரலை. பெருமாள் விரல்ல மோர் சொட்டறதே!"

காலைச் சேவைக்கு வந்திருந்த எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கீழ்நோக்கி வரம் தரும் அந்த வலக்கையின் ஆள்காட்டி விரலில், பாலில் உறை கலக்கிய வீட்டுப் பெண்ணின் விரலைப் போல, பாலும் மோரும் ஈரமாக ஒட்டியிருந்தன. பட்டர் பானையின் மூடியை எடுத்தார். சாய்த்தாலும் அசையாத கெட்டித் தயிர்!

கூட்டத்தில் இருந்த வரதாயி கதறிக்கொண்டு காலில் விழுந்தாள். "அக்கா, நான்தான் சட்டிய வழிச்சுட்டேன். ஒனக்கு ஒரு சொட்டு வெக்கணும்னு தோணலியே எனக்கு!"

பெருந்தேவியார் அவளைத் தூக்கி நிறுத்திக் கண்ணைத் துடைத்தார்.

"அழுவாத தாயி. நீ வழிக்காம இருந்திருந்தா, அவரு எங்கூட்டுக்கு வந்திருப்பாரா?"

இல்லை என்ற சொல்லையே அறியாத அந்த ஆய்ச்சியார் வாழ்ந்த தெரு எங்கள் தெரு. அவர் பெயரைச் சொல்லும்போது நாங்கள் கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்போம்.