மூன்று பர்லாங்

கொண்டல்சாமி முப்பது வருஷம் ரோட்டு வேலை பார்த்தவர். மனைவி போன பிறகு மடத்தில் வந்து சேர்ந்தார். மடத்தை நடத்திய அம்மா அவரைவிட இருபது வயது இளையவர், ஒரு காலத்தில் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தியவர். ஆனாலும் அவர்தான் குரு, இவர்தான் சீடர்.

மடத்திலிருந்து மூன்று பர்லாங்கில் அவர் மகள் தெய்வானையின் வீடு. எட்டு வருஷத்துக்கு முன்னால், சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதற்காக, “இனி என் மூஞ்சியில முழிக்காத” என்று விரட்டியவர் இவர். விரட்டியதும் இவர், ஏங்கிச் சாவதும் இவர். தினமும் விடிந்ததும் கிளம்புவார். முதல் பர்லாங் கல்லுக்குப் போனதும் நெஞ்சை அடைக்கும். திரும்பிவிடுவார்.

கடைசியில் கல்மேலேயே சந்தேகம் வந்து, ஒருநாள் கயிறு போட்டு அளந்து பார்த்தார். கல் சரியான இடத்தில்தான் இருந்தது.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வந்தவர், கீரை ஆய்ந்துகொண்டிருந்த குருவிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

“தாயே, எத்தனையோ கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்ச கை இது. மூணு பர்லாங் எனக்கு மட்டும் ஏன் இம்புட்டுத் தூரமா இருக்கு?”

“பர்லாங்னா என்னய்யா?”

“அறுநூத்து அறுபது அடி.”

“அது அளவு. பேரு எப்படி வந்துச்சு?”

அவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார்.

“இங்கிலீஷ்காரங்க ஊர்ல உழவங்க வச்ச பேரு. ஒரு ஏர்ச்சால் நீளம்னு அர்த்தம். மாடு நிக்காம இழுக்கிற தூரம் ஒரு சால். அதுக்கு மேல இழுக்காது, மூச்சு வாங்க நின்னுடும்னு சொல்லுவாங்க.”

“நின்னா அடிக்க மாட்டாங்களா?”

“அடிச்சிருந்தா, நின்ன தூரத்துக்குப் பேரு வச்சிருப்பாங்களா?”

கொண்டல்சாமி கயிற்றைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது.

“மாடு மூச்சு வாங்கிட்டு மறுபடி இழுக்கும் தாயே. நான் திரும்பில்ல வந்துடுறேன். அவ என்னை மறந்தே போயிருப்பா.”

குரு கீரையை ஒதுக்கி வைத்தார்.

“நேத்துச் சாயங்காலம் சந்தையிலேர்ந்து வரும்போது தெய்வானையைப் பார்த்தேன். ரெண்டாவது கல்லுகிட்ட நின்னுக்கிட்டிருந்தா. யாருன்னு கேட்டேன், உங்க பொண்ணுன்னு சொன்னா. தினமும் சாயங்காலம் வர்றாளாம். அதுக்கு மேல கால் வரமாட்டேங்குதாம்.”

கொண்டல்சாமி நிமிர்ந்து பார்த்தார். “அவளும்... திரும்பிப் போயிடுறாளா?”

“போயிடுறா. இந்தப் பக்கம் ஒரு பர்லாங் நீங்க வந்துட்டீங்க, அந்தப் பக்கம் ஒரு பர்லாங் அவ வந்துட்டா. மூணு இல்லைய்யா, நடுவுல ஒரு சால்தான் உழாம கிடக்கு.”