பெருங்காயம் இட்ட பாயசம்

முன்னொரு காலத்தில், ஆவணி மாதத்து வளர்பிறைப் பஞ்சமியன்று, செவ்வாய்க்கிழமை உச்சிவேளைக்குச் சற்று முன்னர், விடங்கவர்மன் என்னும் அரசன் தன் மகள் வடிவாளின் படிப்பைக் குறித்து ஓர் ஆணை பிறப்பித்தான். அவ்வாணையால் அரசவை விகடகவி சாத்தையனுக்கு வேலையும் ஊரும் ஒருங்கே பறிபோக இருந்தன.

இளவரசிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு சாத்தையனுடையது. தோட்டத்துப் பனைகளில் எது உயரம் என்று கேட்பான். மனத்தில் பட்டதை அவள் முதலில் சொல்ல வேண்டும். பிறகு நிழலை அளந்து சரிபார்க்க வேண்டும். அந்தப் பதவியின்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த தருக்கப் பண்டிதர் வேதவனர், இது பாடமன்று, சூதாட்டம் என்று அரசனின் காதில் ஓதினார். அரசனுக்கு அது பிடித்துப்போயிற்று.

"இன்று முதல் வடிவாளின் படிப்பில் மட்டுமன்றி இவ்வரண்மனை முழுவதிலும், காரணத்தை நிறுவிப் பண்டிதர் ஒப்பிய பின்னரே எவரும் எதையும் செய்யலாம். இதை நிறைவேற்றுவது உன் பொறுப்பு, சாத்தையா. ஒன்றில் வழுவினாலும் நாடு கடத்தப்படுவாய்" என்றான்.

சாத்தையன் பணிவாகத் தலைவணங்கினான். சற்று நேரத்தில் அரசனுக்கும் இளவரசிக்கும் பண்டிதருக்கும் இலை போட்டுப் பரிமாறினார்கள். அரசன் சோற்றில் கை வைக்கப் போகையில் சாத்தையன் குறுக்கே வந்து நின்றான்.

"பொறுத்தருள்க, மன்னா. தங்கள் பசி இன்னும் நிறுவப்படவில்லை."

"என் வயிறு சொல்கிறதே, அது போதாதா?"

"வயிற்றுக்குத் தோன்றுவது சான்றாகுமா என்பதைப் பண்டிதரல்லவா சொல்ல வேண்டும்?"

ஆகும் என்றால் பண்டிதரின் வாதமே கவிழும். எனவே அவர் ஆகாது என்றார். பசி, பசிபோன்ற தோற்றம், மணத்தால் எழும் மயக்கம் எனப் பிரித்து விளக்கவும் தொடங்கினார். நெய் உறைந்தது, அப்பளம் நமத்தது. இரண்டாம் பிரிவின் உட்பிரிவுக்கு அவர் வந்தபோது அரசனின் பொறுமை தீர்ந்தது. இனி எவரும் எதையும் ஆராயக் கூடாது, தோன்றியதைச் செய்தால் போதும் என்று ஆணையைத் தலைகீழாக்கினான். சாத்தையன் அதற்கும் தலைவணங்கி, தானே மடைப்பள்ளிக்குச் சென்று அதை அறிவித்துவிட்டு வந்தான்.

சோறு முடிந்து பாயசம் வந்தது. ஒரு மடக்குக் குடித்த அரசனின் முகம் கோணிற்று. பண்டிதர் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல், உமிழவும் துணியாமல் விழி பிதுங்கினார்.

"இதில் என்னடா கிடக்கிறது?"

"பெருங்காயம், மன்னா. போடலாம் என்று சமையற்காரருக்குத் தோன்றிற்று. ருசி பார்க்கக் கரண்டியை எடுத்தார். அது ஆராய்ச்சியாகிவிடுமே என்று நான்தான் தடுத்துவிட்டேன்."

சினந்து எழப்போன அரசன், மகளின் கிண்ணம் நிறைந்தபடியே இருப்பதைக் கண்டான். நீ ஏன் குடிக்கவில்லை என்று கேட்டான்.

"ஏதோ சரியில்லை என்று பட்டது, அப்பா. விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சரியில்லைதான்."

அரசன் அவளையும் சாத்தையனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இலை அதிரச் சிரித்தான்.

"என் இரண்டு ஆணைகளையும் ஒரே விரலால் மீறிவிட்டாளே!"

அன்று மாலையே முடிவு அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆணைகளும் நீக்கப்பட்டன. சாத்தையனுக்கு அரசன் தன் தோள்வளையைக் கழற்றி அணிவித்தான். இளவரசிக்கு அவனே ஆசிரியன் என்று உறுதியாயிற்று. அவள் மனத்தில் பட்டதைச் சொல்லி முடித்த பின்னர், அளந்து சரிபார்க்கும் வேளையில் வேதவனர் உடனிருந்து பிழை காட்டலாம். அதற்கு முன் அவர் வாய் திறக்கலாகாது.