நான்காவது தோள்

மாசிலாமணி எம்.எல்.ஏ. மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. குருவம்மையைவிட அவருக்கு எட்டு வயது அதிகம். ஆனாலும் குரு குருதான். விழுந்து வணங்கிவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"முகம் வாடிக் கிடக்கிறதே, எம்.எல்.ஏ.?"

"ஒரே மசோதாவுக்குப் பதினேழு கூட்டம், தாயே. எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்கிற மசோதா. எதிர்க்கட்சிகூடச் சும்மா இருக்கிறது. அடித்துக்கொள்வது நாங்கள்தான்."

"என்ன சண்டை?"

"முதலில் மலைக்கு மலை ஆஸ்பத்திரி கட்டு என்கிறார்கள் பதினான்கு பேர். கட்டி முடிப்பதற்குள் பாதிச் சனம் போய்விடும், இருக்கிற தனியார் ஆஸ்பத்திரிக்கே அனுப்பு என்கிறார்கள் இன்னொரு பதினான்கு பேர். நடுவில் நான் ஒருவன், என் கையெழுத்துதான் முடிவு. அலுத்துவிட்டது. சூடு ஆறும்வரை மசோதாவைக் குழுவுக்கு அனுப்பிவிடலாம் என்று நாளைக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன். சரிதானே?"

குரு வாசல் பக்கம் திரும்பினார்.

வெளியே ஆள் சத்தம் கேட்டது. மூங்கிலில் கம்பளியைக் கட்டி, டோலியாக்கி, நாலு பேர் மலையிலிருந்து ஒரு பெண்ணைச் சுமந்து வந்தார்கள். வயிற்றைப் பிடித்தபடி அவள் சுருண்டு கிடந்தாள். ஆம்புலன்ஸ் நிற்கும் தார்ச்சாலைக்கு இன்னும் இரண்டு மைல். நாலாவது ஆளுக்குக் கால் பிசகிவிட்டது. நொண்டிக்கொண்டே வந்தான்.

குரு மாசிலாமணியைப் பார்த்தார். "தோள் கொடுங்கள்."

அவர் வலத்தோளில் மூங்கிலை வாங்கிக்கொண்டார். முந்நூற்றுச் சொச்சம் அடி நடந்திருப்பார்கள். பாதை இரண்டாகப் பிரிந்தது.

"ஓடை வழியாப் போனா பாதி தூரம்" என்றான் முன்னால் நின்ற மாதன்.

"பாதி தூரத்துல வழுக்கி விழுவே. வண்டித்தடந்தான்" என்றான் அவனுக்குப் பின்னால் நின்ற ஜடையன்.

"உன் பேச்சைக் கேட்டுத்தான் போன தடவை ஊரைச் சுத்துனோம்."

"உன் பேச்சைக் கேட்டவன்தான் அங்க காலைப் பிசக்கிட்டு உக்காந்திருக்கான்."

மூங்கில் மாசிலாமணியின் தோள் எலும்பில் இறங்கியது. "கொஞ்சம் கீழே இறக்கி வைத்துவிட்டு, நிதானமாகப் பேசி முடிவெடுங்களப்பா" என்றார்.

கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வேணாண்ணா. இறக்கி வெச்சுராதீங்க. போன வருசம் எங்கக்காவை இறக்கி வெச்சுட்டுத்தான் பேசுனாங்க. பேசி முடிக்கறப்ப அக்கா இல்ல."

பிறகு மாதன் முணுமுணுத்துக்கொண்டே வண்டித்தடத்தில் திரும்பினான். ஜடையன் விடவில்லை, பதிலுக்குப் பதில் கொடுத்தான். வழி நெடுகச் சண்டை ஓயவில்லை. முன்னவரும் பின்னவரும் நாலு தடவை இடம் மாறினார்கள். டோலி ஒரு தடவையும் தரையைத் தொடவில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு மாசிலாமணி சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே நடந்து வந்திருந்த குரு, செம்பில் தண்ணீரை நீட்டினார்.

"ஓடையா, வண்டித்தடமா? எது சரி, தாயே?"

"எனக்குத் தெரியாது."

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். "அப்படியானால் என் கேள்விக்கு?"

"தோள் வலிக்கிறதா?"

"வலிக்கிறது. எப்போதடா இறக்கி வைப்போம் என்று இருந்தது."

குரு காலிச் செம்பை வாங்கிக்கொண்டார்.

"நாளைக்குக் கையெழுத்துப் போடுவதும் இந்தத் தோளில் இருக்கிற கைதானே?"