வாய்க்கு அடங்காத சொல்

கோடியக்கரைப் பக்கம் தாண்டவராயப் பண்டிதர் இங்கிலீஷ் அகராதி ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். வாய் ஓயாத மனுஷன். அன்றைக்கு 'இனெஃபபிள்' என்ற சொல் வந்தது. வார்த்தைக்கு அடங்காதது என்று அர்த்தம்.

"அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது. இதை அடித்துவிடப் போகிறேன்," என்றார்.

விசிறிக்கொண்டிருந்த வேலைக்காரன் காத்தானுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இருக்குங்களே ஐயா."

"இருக்கா? நாளைக்குள் என் வாய்க்கு அடங்காத ஒன்றைக் காட்டு. இல்லாவிட்டால் உனக்கு இங்கே வேலை இல்லை."

விடியற்காலையில் காத்தான் அவரைச் சதுப்புக்கு அழைத்துப் போனான். தண்ணீரில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் வெள்ளையாய் நின்றன.

"கொக்குக் கூட்டம். இதுதானா?" பண்டிதர் சிரித்தார்.

காத்தான் ஓங்கிக் கைதட்டினான். அத்தனை சிறகுகளும் ஒன்றாய் விரிந்தன. உள்ளே ரத்தச் சிவப்பு. வானம் முழுக்க அதுதான்.

"இப்பச் சொல்லுங்க ஐயா."

"செந்தாமரை... சே, அது இல்லை. தீ... தீயும் இல்லை. டேய், இது..."

"எதுங்க ஐயா?"

"சும்மா இருடா! பார்க்க விடு!"

கடைசிப் பறவையும் கடல் பக்கம் மறைந்தது. பண்டிதர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தச் சொல்லும் நானும் இருக்கட்டுங்களா ஐயா?"

பண்டிதர் தலையை மட்டும் ஆட்டினார்.