சொறி பட்ட இடம்

"நான் ஒண்ணும் அவன் கையை முறுக்கலை அண்ணே! தேய்க்க விடாமப் பிடிச்சேன். பிடிக்கிறதுக்கும் முறுக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதா உங்களுக்கு? என்னது, ரவுடியா? சரி, ரவுடின்னே வெச்சுக்கோங்க. உங்க தம்பி கை இந்த மட்டுக்கும் தப்பிச்சதே இந்த ரவுடியாலதான்!"

அரசி போன்ல போட்ட சத்தத்துல, மணப்பாட்டுக் கரையில வலை உதறிட்டு இருந்தவங்கல்லாம் வேலையை விட்டுட்டு வந்து சுத்தி நின்னுட்டாங்க.

நடந்தது இதுதான். அவகூட முக்குளிக்கப் பழகுற நூருதீன் மேல சொறி பட்டுருச்சு. கண்ணாடி மாதிரி மிதக்குமே, அந்தச் சொறிமீன்தான். அரசிதான் அவனைக் கரைக்கு இழுத்துட்டு வந்தா. வந்ததும் ஆளாளுக்கு வைத்தியம். ஒருத்தர் மணலைப் போட்டுத் தேய்ன்னாரு. இன்னொருத்தர் குடிதண்ணி பாட்டிலைத் திறந்துக்கிட்டு ஓடிவந்தாரு. எரிச்சல் தாங்காம நூருதீனே தேய்க்கப் போனான். அரசி விடுவாளா? அவன் கையை இறுக்கிப் பிடிச்சா. பாட்டிலைத் தட்டிவிட்டா. கடல் தண்ணியையே மொண்டு ஊத்தி, முன்கையில ஒட்டியிருந்த சொறியோட இழையை இடுக்கியால எடுத்தா. இதை யாரோ வீடியோ எடுத்து அவன் அண்ணனுக்கு அனுப்பிட்டாங்க. போன் வந்துருச்சு. சண்டையும் வந்துருச்சு.

அப்பத்தான் படகை விட்டு இறங்கி வந்தா ஜெனோவா. முக்குளிக்கச் சொல்லித்தர்ற மாஸ்டர். அரசியைவிட ரெண்டு வயசு சின்னவ.

"வாங்க மாஸ்டர்! சொறி பட்ட இடத்தைத் தேய்ச்சா என்னாகும்? நீங்களே சொல்லுங்க."

"இன்னும் விஷம் இறங்கும்."

"குடிதண்ணி ஊத்தினா?"

"அதுவும் கெடுதல்தான்க்கா."

"கேட்டுச்சா அண்ணே? இல்ல, காதுல மணலைப் போட்டுத் தேய்ச்சு வெச்சிருக்கீங்களா?"

கூட்டம் சிரிச்சது. ஜெனோவாவுக்கும் சிரிப்பு வந்துருச்சு. அடக்கிக்கிட்டு நூருதீன் பக்கத்துல குத்தவெச்சா.

"மூச்சு விடக் கஷ்டமா இருக்கா தம்பி? நெஞ்சை அடைக்குதா?"

"இல்ல மாஸ்டர்."

"எங்க வலிக்குது?"

"கையில கொஞ்சம் தேவலாம். இங்கதான் உயிர் போகுது."

அவன் தலையைக் குனிஞ்சான். பிடரியில, சட்டைக் காலருக்குள்ள, இன்னொரு இழை ஒட்டிக்கிட்டு இருந்தது. அதைச் சுத்திச் சாட்டையால அடிச்ச மாதிரி சிவப்புக் கோடு.

"ஏன்டா சொல்லலை?" அரசி பதறிட்டா.

"ரெண்டு தடவை கூப்பிட்டேன்க்கா. நீங்க அண்ணனை வறுத்துக்கிட்டு இருந்தீங்க."

ஜெனோவா கடல் தண்ணி ஊத்தி, இழையை மெள்ள எடுத்தா. இழை போனப்புறம் சூடுதான் வலியைக் குறைக்கும்னு, டீக்கடையில சுடுதண்ணி வாங்கியாரச் சொன்னா. தன் மணிக்கட்டுல ஊத்திச் சூடு பார்த்து, துண்டை நனைச்சுப் பிடரியில வெச்சா. கொஞ்ச நேரத்துல நூருதீனோட தோள் தளர்ந்து இறங்குச்சு.

அரசி கையில இருந்த போன் இன்னும் கத்திக்கிட்டுத்தான் இருந்தது.

"நான் சொன்னதுல என்ன தப்பு மாஸ்டர்?" அவ குரல் பாதியா இறங்கியிருந்தது.

"ஒரு தப்பும் இல்ல."

"செஞ்சதுல?"

"இழையை எடுத்தீங்களே, நானே அவ்வளவு சுத்தமா எடுத்திருக்க மாட்டேன்."

"அப்புறம் என்ன? இவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

ஜெனோவா அவ கையைப் பிடிச்சு இழுத்துப் பக்கத்துல உட்காரவெச்சா. துண்டை அவ கையில குடுத்து, நூருதீன் பிடரிமேலயே அந்தக் கையை வெச்சு, மேல தன் கையையும் வெச்சுக்கிட்டா.

"சொல்றேன்க்கா. நீங்கதான் ஜெயிச்சீங்க, எல்லாரும் கேட்டுக்கோங்க. இப்ப போனை ஸ்பீக்கர்ல போடுங்க. நீங்க ஜெயிச்சுக்கிட்டு இருந்த நேரம் பூரா இந்தத் தம்பி யார்கூட இருந்தான்? அவன் அண்ணனுக்கும் கேட்கணும், இந்தக் கரைக்கே கேட்கணும். சத்தமாச் சொல்லுங்க."