ஒரு முறம் தவிடு

"சாமி, நாளைக்குத் தீட்சைக்கு முன்னாடி என் பேரை மாத்திடுங்க."

மாட்டுக் கொட்டிலில் நின்றிருந்த குரு திரும்பிப் பார்த்தார். தவிட்டம்மாள் அவரைவிட நாலு வயது மூத்தவள். ஊரே அவரைச் சாமி என்றாலும், அவர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ஏங்க்கா, இந்தப் பேருக்கு என்ன குறைச்சல்?"

குறைச்சலா? காலையில்தான் அவள் மானம் கப்பலேறப் பார்த்தது. ஆசிரமப் பந்தியில் யாரோ பெயர்ப் பேச்சை எடுத்துவிட்டார்கள். ஜப்பான்காரி ஹருக்கோ, தன் பெயருக்கு வசந்தத்தின் பிள்ளை என்று அர்த்தம் என்றாள். கென்யாவிலிருந்து வந்திருந்த அமானி, என் பெயர் சமாதானம் என்றாள். அடுத்தது தவிட்டம்மாள். மோர் எடுத்து வருகிறேன் என்று நழுவியவள் திரும்பவே இல்லை. அன்று எல்லோரும் மோரில்லாமல்தான் கை கழுவினார்கள்.

"அவங்களுக்கு வசந்தம், சமாதானம். எனக்கு மட்டும் மாட்டுத் தீனியா? நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி அதைச் சொல்லிக் கூப்பிடுவீங்களே!"

குரு, வைக்கோல் உதறிக்கொண்டிருந்த மங்கோலியத் துறவியைக் கை காட்டி அழைத்தார். வந்து மூன்று வருஷமாகியும் அவர் தமிழைத் தட்டுத் தடுமாறித்தான் பேசுவார்.

"உங்க பேருக்கு என்னங்க அர்த்தம்?"

"நெர்குயி. பேர் இல்லை."

"பேரே இல்லையா?" என்றாள் தவிட்டம்மாள்.

"அதுதான் பேர். எனக்கு முன்னே மூணு அண்ணன். மூணு பேரும் செத்துப் போச்சு. அப்புறம் நான். சாவு வந்து கேட்டால், இங்கே பேர் உள்ள பிள்ளை இல்லை. அம்மா அப்படி ஏமாத்திச்சு." அவர் மார்பைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "சாவு போயிடுச்சு."

அவர் வைக்கோலுக்குத் திரும்பினார்.

குரு ஒரு முறம் நிறையத் தவிடு அள்ளி வந்து அவள் முன்னால் வைத்தார்.

"புதுப்பேர் தரேங்க்கா. பழைய பேரை எனக்கு வித்துடுங்க. உங்களை வாங்கின அதே விலை."

தவிட்டம்மாள் முறத்தையே பார்த்தாள்.

அவளுக்கு முன் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டன. அதனால் அவள் பிறந்ததும், அம்மா அவளை எதிர்வீட்டு ராக்காயிக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றாள். எமன் வந்தால், இது என் பிள்ளையில்லை என்று கையை விரிக்கலாமே! "ராக்காயி மக பசிக்கு அழுவுது" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுத்தான் அம்மா தூக்கிப் பால் கொடுப்பாளாம். பெற்ற பிள்ளையை ஒரு நாளும் என் மகளே என்று வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு ஆசையில்லாமலா இருந்திருக்கும்?

தவிட்டம்மாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். பிறகு முறத்தைத் தூக்கி, தவிடு முழுவதையும் பசுவின் தொட்டியில் கொட்டினாள்.

"இந்த விலை கட்டாது சாமி. நாளைக்கு என் பேரைக் கூப்பிடும்போது, கடைசி வரிசைக்கும் கேக்கிற மாதிரி கூப்பிடுங்க."