விதைக்கோட்டை காத்த வடிவம்மையார்

புன்னைவாயில் அமுதீசர் கோயில் மடைப்பள்ளிக்கு நெல் குத்திக் கொடுப்பது வடிவம்மையாரின் தொண்டு. பதிகம் பாடத் தெரியாதவர். உலக்கை விழும்போதெல்லாம் ஈசன் பெயரைச் சொல்வார். கூலியாகக் கிடைக்கும் நொய்யைக் காய்ச்சி, பசித்து வந்தவர்க்கு ஊற்றிய பிறகே தாம் குடிப்பார்.

ஓராண்டு மழை பொய்த்தது. பசி முற்றிய மக்கள், விதைநெல்லை உள்ளே வைத்து வைக்கோல் பிரி சுற்றிக் கட்டிவைத்திருந்த விதைக்கோட்டைகளைப் பிரிக்கத் துணிந்தார்கள். விதைநெல்லைத் தின்றுவிட்டால் மழை வந்தும் பயனில்லை. காலமெல்லாம் அடுத்தவர் வாசலில்தான் நிற்க வேண்டும். அம்மையார் வீடு வீடாகச் சென்று, கஞ்சி தாம் ஊற்றுவதாகவும், கோட்டையை மட்டும் தம் குடிசையில் வைத்துவிடும்படியும் வேண்டினார். பலரும் கொண்டுவந்து வைத்தனர். கூலி நொய் போதாமல் ஆற்றுக்கு அக்கரை ஊர்களில் மடியேந்திக் கொண்டுவந்தார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா?

"கஞ்சியக் காட்டி ஊரு வெதைய அமுக்கிட்டா. நாளைக்கு இவதான் பண்ணைக்காரி" என்றான் நல்லமுத்து. அவனும் அங்கே கஞ்சி குடிப்பவன்தான். அம்மையார் அழுதார். மறுநாள் அவன் கலயத்தில் ஓர் அகப்பை கூடுதலாகவே விழுந்தது.

ஒருநாள் எல்லோருக்கும் ஊற்றியபின், அவர் பங்கு மட்டும் சட்டியில் மிஞ்சியிருந்தது. மறுநாளைக்கு நொய் இல்லை. அப்போது முதிய பரதேசி ஒருவர் வந்து, குடிசைக்குள் அடுக்கியிருந்த கோட்டைகளைக் கண்டார்.

"இம்புட்டு நெல்ல வச்சிக்கிட்டு ஏம்மா பட்டினி கெடக்கிற? ஒண்ணப் பிரிச்சுப் பொங்கேன்."

"அது ஊராரு வெதை, சாமி. அதுல கை வச்சா, அவங்க ஆயுசுக்கும் என் கஞ்சிக்குத்தான் நிக்கணும். என் பங்கு இருக்கு, குடிங்க."

பரதேசி கலயத்தை வாங்கிக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார். சற்றைக்கெல்லாம் வானம் இருண்டு, மழை கொட்டியது. பூசைக்கு நடை திறந்த குருக்கள் திகைத்து நின்றார். இலிங்கத்தின் முன்னே அம்மையாரின் மண்கலயம் இருந்தது. ஆவுடையார் மேல் நொய்க்கஞ்சி சிந்தியிருந்தது.

செய்தி கேட்டு அம்மையார் கோயிலுக்கு ஓடவில்லை. ஈரம் காயுமுன் விதைக்க வேண்டுமே என்று கோட்டைகளை அவரவரிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார். தன் கோட்டை பிரி அவிழாமல் இருப்பதைக் கண்ட நல்லமுத்து அவர் காலில் விழுந்தான்.

அறுவடைக்குப் பின் கஞ்சிக்கு நிற்க உள்ளூரார் ஒருவரும் வரவில்லை; அவரவர் களத்து நெல்லோடு வந்தார்கள், அடுத்த ஊரில் பசித்தவர்க்குக் கஞ்சி ஊற்ற. பசித்தவர்க்கு இன்றைய கஞ்சியை ஊற்றி, நாளைய சோற்றையும் காத்துத் தந்த வடிவம்மையாரின் திருவடிகள் வாழ்க.